பட்டு கட்டாத ஏழு நிமிடம்

நடந்தது இது:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பதியில் நாங்கள் ஒத்திகைக்கு எடுத்திருந்த மாடி ஹாலில், நாடகத்தில் என் பகுதியான ஏழு நிமிடத்தை ஆடிக் காட்டினேன்.
2. சித்தூரில் நடக்கவிருந்த ஒரு விழாவின் குழுவிலிருந்து ஒரு சார் வந்து நாடகம் முழுவதையும் பார்த்தார்.
3. பார்த்து முடித்ததும், "மிஷின் டான்ஸ் நல்லாத்தாம்மா கீது. தமிழ் எங்க?" என்று கேட்டார்.
4. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, மேடையில் கோலம், பரதநாட்டிய அடவு நான்கு. இவற்றைச் சேர்த்தால் போதும், தமிழ் தெரிந்துவிடும் என்றார்.
5. மாட்டேன் என்றேன்.
6. அப்படியானால் அந்த ஏழு நிமிடம் சித்தூருக்கு வேண்டாம் என்றார்.
7. எங்கள் குழுவை நடத்தும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

இதில் ஏழாவதுதான் என்னை வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே வந்தது.

நான் மேடையில் வளர்ந்தவள் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, ரேணிகுண்டா பக்கம் ஓர் ஆலையில் செல்போன் போர்டுகளைச் சோதிக்கிறேன். எந்த போர்டில் எங்கே பழுது என்று வரிசை எண் போட்டு எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வாங்க வேண்டிய பருப்பிலிருந்து யார் யாரிடம் கோபம் என்பது வரை எல்லாவற்றையும் எண் போட்டே யோசிக்கிறேன் என்று அம்மா கிண்டல் செய்வாள். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் எங்கள் வீடு. அம்மாவும் நைனாவும் ஒரே விசைத்தறி ஷெட்டில் வேலை செய்கிறார்கள்.

வாரநாட்களில் நான் தங்கும் பெண்கள் விடுதியில் ஒருநாள் அக்கா வந்து ஒரு பயிற்சி நடத்தினார். பேச்சே இல்லாத நாடகம், பாதி நடனம், பாதி நடிப்பு என்றார். மேடையில் ஒரு மொழி முதலில் பேசிவிட்டால் அந்த மொழிக்காரர்கள் வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள், மற்றவர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள், அதனால் யாரும் பேச வேண்டாம் என்பது அவர் கணக்கு. தெலுங்கும் தமிழும் உருதும் கலந்த எங்கள் ஜில்லாவில் அது நியாயமான கணக்கு. பிறகு, வீட்டில் தினமும் செய்யும் ஒரு வேலையைப் பொருள் எதுவும் இல்லாமல் வெறும் கையால் செய்து காட்டச் சொன்னார். ஒருத்தி மாவு பிசைந்தாள். ஒருத்தி வேர்க்கடலை உடைத்தாள். நான் எங்கள் ஷெட்டில் பேசுவது போலப் பேசிக் காட்டினேன்.

விசைத்தறி ஷெட்டுக்குள் வாய்ப் பேச்சு உதவாது. இருபது தறி ஒன்றாக ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் ஆட்கள் கையாலும் முகத்தாலும் பேசுகிறார்கள். கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. காதைப் பிடித்து இழுத்தால் உனக்கு போன் வந்திருக்கிறது. இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். எங்கள் முதலாளி மீசையை எடுத்துப் பல வருடம் ஆகிறது, சைகையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மாமியாரைப் பற்றிப் புகார் சொல்வது, நேற்று பார்த்த சீரியலின் கதையைச் சொல்வது, சண்டை போடுவது, சமாதானம் ஆவது எல்லாம் இப்படித்தான். நான் நடக்கப் பழகும் முன்பே எனக்கு இதைப் படிக்கத் தெரிந்திருந்தது என்று நைனா சொல்வார்.

அக்கா என் கைப்பேச்சை மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். "இதை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று தெலுங்கில் கேட்டார். கற்றுக்கொள்ளவில்லை, அங்கேதான் இருந்தேன் என்றேன். அப்படித்தான் குழுவில் சேர்ந்தேன்.

நாடகத்தில் ஐந்து பகுதிகள், ஐந்து வீடுகள். வேர்க்கடலை பயிரிடும் ஒரு தெலுங்கு வீடு, உருது பேசும் தையல்காரர் வீடு, ராமகுப்பம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீடு, விறகு சுமந்து விற்கும் ஒரு மலையடிவார வீடு, எங்கள் வீடு. என் பகுதியில் நான் தறிக்காரி. என்னுடன் ஆடுபவள் சித்தூர்க்காரி, தெலுங்கு வீட்டுப் பெண், நர்ஸ். அவள் ஷெட்டுக்குப் புதிதாக வந்தவளாக ஆட வேண்டும். உடை, ஷெட்டில் பெண்கள் போடுவதுதான்: சாதாரணப் புடவை, அதன் மேல் வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை. முந்தானை தறியில் சிக்காமல் இருக்க அந்தச் சட்டை.

சார் படித்த தாளைப் பற்றி அந்த ஞாயிறு மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குப் பல வருடம் தறிச் சத்தத்தில் இருந்து காது மந்தம், அதனால் வீட்டில் எதைச் சொன்னாலும் தெருவுக்கே சொல்வாள்.

"பட்டா? நாம இன்னாடி நெய்யறோம்? பாவாடைத் துணி! அந்தச் சாரு கேக்கற பட்டுப்புடவைய எவ கட்டினாலும் உள்ள நம்ம துணிதான்டி. அத காட்டச் சொல்றாரா?"

"அம்மா, மெதுவா."

"இன்னா மெதுவா? நீ ஆடறதுக்கு அவரு டிக்கெட்டு வேற போடுவாரா? நான் தெனம் பன்னெண்டு மணி நேரம் ஆடிகினு கீறேன். எவன் வந்து கை தட்டினான்?"

எதிர்வீட்டில் சிரிப்பது கேட்டது.

பட்டுப்புழு வளர்க்கும் ராமகுப்பம் வீட்டுக்கு சார் பட்டு கேட்கவில்லை என்பதையும் நான் கவனித்திருந்தேன். எனக்கு மட்டும்தான் கேட்டார். மற்ற நான்கு வீடுகளும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே வரலாம். தமிழ் வீடு மட்டும் அலங்காரம் பண்ணிக்கொண்டு வர வேண்டும்.

மறுநாள் அக்கா போன் செய்தார். அவர் தெலுங்கில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். "எனக்குப் பதினாலு பேர் இருக்காங்கம்மா. எல்லாரும் லீவு போட்டு ஒத்திகைக்கு வந்தவங்க. உன் ஒருத்திக்காகச் சித்தூரையே விட முடியுமா? ஒரு புடவைதானே."

"ஒரு புடவைதான் அக்கா. அதனால அவரே அதை விட்டுடலாம்."

நான் தொடர்ந்தேன். "என்னை எடுத்துடுங்க. பட்டு கட்டி ஆடற வேற ஆளை வச்சுக்குங்க. ஆனா ஷெட்டோட கைப்பேச்சுல ஒரு விரல்கூட அதுல இருக்கக் கூடாது. அது எங்க அம்மா கூட்டத்துது. பேச்சை எடுத்துட்டு அந்த இடத்துல துணியைப் பேச வைக்கறதுன்னா, எதுக்கு நாம பேச்சை எடுத்தோம்?"

அக்கா ஒரு யோசனை சொன்னார். முதலில் நகரியில் ஆடு. பட்டு இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல், உங்கள் ஆட்களே அது தங்கள் வீடு என்று கண்டுகொள்கிறார்களா பார்ப்போம். சாரையும் அழைத்து வருகிறேன். கண்டுகொண்டால் ஏழு நிமிடம் நாடகத்தில் இருக்கும், நான் அதற்குப் பொறுப்பு. கண்டுகொள்ளாவிட்டால் நீயே எடுத்துக்கொண்டு போய்விடு.

ஒப்புக்கொண்டேன். எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓட்டுவதில்லை. அந்த நாளைக் குறித்தோம்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. சித்தூர்க்காரி தறிச் சத்தத்துக்குத் தாளம் போட்டு, கை கால்களை வெட்டி வெட்டி, பொம்மை மாதிரி ஆடிக்கொண்டிருந்தாள். ஒத்திகையில் எல்லோரும் அதை ரசித்தார்கள். எனக்கு எரிச்சல். என் அம்மாவை மிஷின் ஆக்கிக் காட்டுகிறாள் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவளும் விடவில்லை. "ஏமே, எனக்கு எப்படித் தெரியும்? உங்க ஷெட்டுக்கு என்னைக் கூட்டிக்கினு போனியா?" என்றாள். நியாயம். கூட்டிப் போனேன்.

முதல் பத்து நிமிடம் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மா அவளைப் பார்த்து ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்ப் புருவத்தைத் தூக்கினாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். சொல்லிக்கொடுக்காமலே அவளுக்குப் புரிந்தது. தலையாட்டினாள். அம்மா நம்பவில்லை, சட்டைப்பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கொடுத்தாள். அப்போது பின்னால் ஒரு தறி நின்றது. இருபதில் ஒன்று. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நர்ஸுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அம்மாவின் உடம்பு பாதித் திருப்பத்தில் இருந்தது, முறுக்கு கொடுத்த கை இன்னும் நீட்டியபடி.

வெளியே வந்ததும், "ஆன்ட்டிக்குக் காது கேக்காதுன்னியே, எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

நானும் அதுவரை அதை ஒரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டதில்லை. ஓடுகிற சத்தத்தை எங்கள் ஆட்கள் கேட்பதே இல்லை. நிற்பதைத்தான் கேட்கிறார்கள். பாதி தரை வழியாக, பாதங்களில் தெரிகிறது என்று அம்மா சொன்னாள். இதைச் சொன்ன பிறகு சித்தூர்க்காரி தாளத்துக்கு ஆடுவதை நிறுத்தினாள். மூன்று ஒத்திகையில் அவள் ஆட்டம் வேறாகிவிட்டது. என்னைவிட நன்றாக ஆடினாள், அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒலி என் பொறுப்பு. ஷெட்டில் நான்கு தறிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்தேன். நகரியில் ஒரு திடலில் ஆடினோம். மேடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர், கூட்டத்துக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தறி ஓடும். நான்காவது நிமிடத்தில் பின்பக்கம் இடது மூலைத் தறி மட்டும் நிற்கும், நாங்கள் இருவரும் அந்தத் திசைக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

சாருக்கு முன்வரிசையில் நாற்காலி. கூட்டம் தரையில். பெரும்பாலும் தறிக் குடும்பங்கள், அம்மா தன் ஷெட்டுப் பெண்களோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆட ஆரம்பித்ததும் முதலில் ஒரே அரட்டை. சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நிற்பதைப் பார்த்து யாரோ, "அடியே, வேலைக்கா வந்துகீறே?" என்று கத்தினார்கள். நான் டீ சைகை காட்டியபோது சிரித்தார்கள். மீசையை முறுக்கியபோது எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்து, எங்கள் முதலாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடினார்கள். அவர் வந்திருந்தார், அவரும் தேடினார்.

நான்காவது நிமிடம். இடது மூலைத் தறி நின்றது.

நான் திரும்பும் முன்பே கூட்டம் திரும்பிவிட்டது. ஒருவர் இருவர் இல்லை. ஒரு திடல் முழுக்க முதுகு. பின்வரிசைப் பெண்கள் எழுந்தே விட்டார்கள். நான்கைந்து பேர் விறுவிறுவென்று அந்த மூலைக்கு நடந்தார்கள், முன்னால் என் அம்மா. கை நீட்டியபடி போய், ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டில் தடவி, தறியை மறுபடி ஓட்டும் ஹேண்டிலைத் தேடினாள். ஒரு கணம் கழித்துத்தான் அது தறி இல்லை, கறுப்புப் பெட்டி என்று அவளுக்கு உறைத்தது. பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள்.

"தூ! லீவு நாள்ல கூடவாடி வேல வாங்குவீங்க!"

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. ஆடிக்கொண்டிருந்த நாங்களும் சிரித்துவிட்டோம், ஆட்டத்தில் அது பிழைதான். மேடையில் என் பக்கத்தில் சித்தூர்க்காரியும் கூட்டத்தோடு சேர்ந்து, எனக்கு முன்பே திரும்பியிருந்தாள். முன்னால் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நாற்காலியில் இருந்த சார். ஏன் எல்லோரும் திரும்பினார்கள் என்று பக்கத்தில் இருந்த அக்காவிடம் கேட்டார். அக்கா கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்த பிறகு சார் என்னிடம் வந்தார். கோபமாக இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

"எங்க வூட்லயும் தமிழ்தாம்மா," என்றார். "சித்தூர்ல மூணு தலைமுறையா. வேலூர்ல பொண்ணு பாக்கப் போனப்ப நான் ரெண்டு வார்த்தை பேசினேன், தெலுங்கு ஆளான்னு கேட்டு ஒரே சிரிப்பு. அந்த இடம் அமையல. அடுத்த வூட்டுக்குப் போறப்ப பட்டு வேட்டி கட்டிக்கினு, வாயே தொறக்காம உக்காந்துகினு இருந்தேன். எவனும் சந்தேகப்படல. அந்த வூட்டுப் பொண்ணுதான் எங்க வூட்டுக்காரம்மா." டீயைக் குடித்தார். "நீ சின்னப் பொண்ணு. இங்க இருக்கறவனுக்கு உன்ன தெரியும். சித்தூர் மேடையில உன்ன எவனும் கேள்வி கேக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

அதுவரை நான் அவரைத் தாளும் பட்டியலுமாகத்தான் பார்த்திருந்தேன். பட்டு வேட்டியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனை அதற்குப் பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போனபோது என்னையும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அதனால் அவருக்கு மரியாதையாகவே பதில் சொன்னேன்.

"சார், அவங்க கேள்வி கேக்கட்டும். நான் இதையே ஆடிக் காட்டறேன்."

"பாக்கலாம்," என்று எழுந்து போனார்.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சித்தூர் நிகழ்ச்சி வரிசையில் என் பகுதியை மூன்றாவதாகப் போட்டார். விழா அன்று மாலை மேடைக்குப் பின்னால் நாங்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது சார் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை, மேலே பூப்பந்து.

"எங்க வூட்டுக்காரம்மாது. மேல சுத்திக்கினா போதும். விழாக்குழுவுல எல்லார்கிட்டயும் தமிழ்ப் பகுதி இருக்குன்னு சொல்லிட்டேன்மா."

"புடவை நல்லா இருக்கு சார். வேணாம்."

"அப்ப நடுவுல நிறுத்திடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நிறுத்துங்க சார். நான் நிறுத்த மாட்டேன்."

சித்தூர்க்காரி என் சட்டைக்காலரைச் சரிசெய்தாள். நாங்கள் மேடைக்குப் போனோம்.

சொன்னபடியே செய்தார். நான்காவது நிமிடம் வரவில்லை, அதற்குள் மேடை ஓரத்தில் அவரைப் பார்த்தேன். ஒலிப் பெட்டிக்காரரைப் பார்த்து, கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தார். நான்கு தறியும் ஒன்றாக நின்றன.

ஷெட்டில் ஒரு தறி நின்றால் ஓட வேண்டும். எல்லாத் தறியும் ஒன்றாக நின்றால் கரண்ட் போய்விட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போது எங்கள் ஆட்கள் வெளியே போவதில்லை. நின்ற இடத்திலேயே தறிக்கால் பக்கம் உட்கார்ந்து, காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, பேச்சைத் தொடர்வார்கள். ஷெட் அமைதியாக இருக்கும், வாயால் பேசினால் கேட்கும், ஆனாலும் கையால்தான் பேசுவார்கள். வாய் ஞாபகம் வர நேரமாகும்.

நான் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். இது ஒத்திகையில் இல்லாதது. சித்தூர்க்காரி என்னை ஒரு தடவை பார்த்தாள், வந்து என் முதுகில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள், பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று புருவத்தால் கேட்டாள்.

சொன்னேன். கையால் எல்லாவற்றையும் சொன்னேன். மீசையை முறுக்கினேன், இந்த முறை அது சாருக்கு. பையிலிருந்து ஒரு புடவை வந்ததைச் சொன்னேன், அது எவ்வளவு கனம், எவ்வளவு மினுக்கு, பூ எவ்வளவு பெரிது. என் சட்டையைத் தொட்டேன். புடவையைத் திருப்பிப் பைக்குள் வைத்தேன். மீசை கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்ததைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்தினாள். அப்புறம்? அப்புறம் இதோ, உட்கார்ந்திருக்கிறோம்.

கூட்டத்தில் ஒரு பெண் முதலில் சிரித்தாள், புடவைக் கனத்துக்கு. அடுத்து ஒரு வரிசை. மேடை ஓரத்தில் நிற்பவர் யார் என்று எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அங்கே இருந்தவர்களில் தறி தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். எந்தெந்த வீட்டில் எந்த மொழி என்றும் தெரியாது. அவர்களுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. ஏழு நிமிடம் ஆகும் வரை மனத்துக்குள் எண்ணினேன். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, இருவரும் உள்ளே போனோம். கைதட்டல் எங்களுக்குப் பின்னால் கேட்டது. அக்கா உள்ளே நின்றிருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

நான்காவது பகுதிக்கு ஒலி திரும்ப வந்தது.

இப்போதைய நிலை: சித்தூர் விழாக்குழு எங்களை மறுபடி அழைக்கவில்லை. விழாப் படங்களில் எங்கள் பகுதியின் படம் இல்லை. சார் இரண்டு நாள் கழித்து, பட்டு கட்டியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன் என்று ஒரு செய்தி அனுப்பினார். தெரியும் சார் என்று பதில் போட்டேன். அடுத்து திருப்பதியில் ஆடுகிறோம். கரண்ட் போகும் இடத்தைச் சேர்த்ததில் என் பகுதி ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது. பழைய சட்டை போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன்.